அத்தியாயம் 9: யாரிடம் காட்டுவது, என்ன கேட்பது

எங்கள் வீட்டு மணி முழுக் கறுப்பு. நெற்றியில் ஒரு பொட்டு வெள்ளைகூடக் கிடையாது. மழை பெய்த ஒரு சாயங்காலம் கரும்பழுப்பு சோபாவில் அது சுருண்டு கிடந்ததைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஐந்து நிமிடத்துக்குள் இதயங்கள் வரிசை கட்டின. சித்தி ‘செல்லக்குட்டி’ என்று எழுதினார். மதுரை மாமா கைகூப்பும் பொம்மையை அனுப்பினார்; கல்யாணப் பத்திரிகைக்கும் துக்கச் செய்திக்கும் அவர் அனுப்புவது அதையேதான். அந்தத் தெம்பில், படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுச் சட்டம் மாட்டலாம் என்று தெருமுனை ஸ்டுடியோவுக்குப் போனேன். ஸ்டுடியோ அண்ணன் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

“இதுல நாய் எங்க தம்பி?”

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தேடினார். இது காது, இது மூக்கு என்று விரல் வைத்துக் காட்டிய பிறகு “ஓ” என்றார். அன்று படத்தைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். குழுவில் இருந்த எல்லாரும் மணியைப் பார்த்தார்கள். அவர்களுக்கு மணியைத் தெரியும். படத்தில் இல்லாத காதையும் மூக்கையும் தாங்களே போட்டு நிரப்பிக்கொண்டார்கள். நானும் அதையேதான் செய்திருந்தேன்.

வீட்டு மனிதர்களையும் வளர்ப்புப் பிராணிகளையும் எடுத்த படங்களுக்குக் கருத்துக் கேட்பதில் உள்ள சிக்கல் மொத்தமும் இதுதான். மலையை எடுத்தால் மலைமேல் நமக்குப் பெரிய ஒட்டுதல் ஒன்றும் கிடையாது. பிள்ளையையோ பூனையையோ எடுத்தால், எடுத்த நேரத்தில் கேட்ட சிரிப்பு, அதற்கு முன்னால் அது செய்த சேட்டை எல்லாம் சேர்ந்தே நமக்குத் திரையில் தெரியும். அடுத்தவருக்கு அங்கே இருப்பது ஒரு செவ்வகம். அந்தச் செவ்வகத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்த ஆளைப் பிடிப்பது எப்படி, அவரை வாய் திறக்க வைப்பது எப்படி, அவர் சொன்னதை அடுத்த படத்துக்குக் கொண்டுபோவது எப்படி என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப் போகிறோம்.

காட்டும் முன்

முப்பது படத்தை அனுப்பி “எப்படி இருக்கு, பார்த்துச் சொல்லுங்க” என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். மூன்று அனுப்புங்கள். பொறுக்கி எடுப்பதே பாதிப் பயிற்சி. ராபர்ட் ஃபிராங்க் 1950களின் நடுவில் அமெரிக்கா முழுக்கக் கார் ஓட்டிப் படமெடுத்தபோது எழுநூற்றுக்கும் மேற்பட்ட பிலிம் சுருள்கள் தீர்ந்தன. ‘தி அமெரிக்கன்ஸ்’ நூலில் வந்தவை 83 படங்கள். பிள்ளையின் பிறந்தநாளுக்கு நானூறு படம் எடுத்துவிட்டு ஒன்றையும் கழிக்க மனம் வராமல் தவிக்கும் அப்பாக்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை நினைத்துக்கொள்ளலாம்.

எடுத்த அன்றே பொறுக்காதீர்கள். ஒரு வாரம் போகட்டும். அந்த நாளின் சூடு ஆறியிருக்கும். குழந்தை கேக்கை மூக்கில் அப்பிக்கொண்ட வேடிக்கை படத்தில் நிஜமாகவே பதிந்திருக்கிறதா, இல்லை உங்கள் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.

அனுப்பும் விதத்திலும் கவனம் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருக்கப்பட்டுத்தான் போகும். நாயின் மயிரும் பாட்டியின் புடவைக் கரையும் கூழாகிவிடும். அதைப் பார்த்துவிட்டு ஒருவர் “தெளிவா இல்லை” என்றால் தப்பு உங்கள் கேமராவுடையதா, வாட்ஸ்அப்புடையதா என்று எப்படித் தெரியும்? டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ போன்ற விவரங்களும் கூடவே போவதால் விவரம் தெரிந்தவர் நோயைச் சட்டென்று கண்டுபிடிப்பார். இதில் ஒரு ஆபத்தும் உண்டு. லொகேஷன் பதிவாகியிருந்தால் அதுவும் அப்படியே போகும். வீட்டில் எடுத்த படம் என்றால் உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்பது போகிறது. தெரியாதவருக்கு அனுப்பும் முன் லொகேஷனை நீக்கிவிடுங்கள். பள்ளிச் சீருடையின் பேட்ஜ் தெரியும் படம், குழந்தை குளிக்கும் படம் இரண்டையும் எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் வெளி ஆளிடம் கருத்துக்குக் கொடுக்க வேண்டாம். விவரம் தெரிந்த வயதுப் பிள்ளை என்றால் அதனிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். என் அக்கா மகள் ஒன்பது வயதில் ஒரு படத்துக்குக் கண்டிப்பாக முடியாது என்றாள். அதில் அவள் முன்பல் இல்லாமல் சிரிக்கிறாள். எனக்கு மிகப் பிடித்த படம். யாருக்கும் காட்டவில்லை.

முடிந்தால் ஸ்டுடியோவில் மேக்ஸி சைஸில் ஒரு பிரிண்ட் போட்டுக்கொண்டு காட்டுங்கள். போனில் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்ப்பவர் மூலைமூலையாகத்தான் பார்ப்பார். காகிதத்தில் படம் முழுசாக ஒரே பார்வையில் விழும்.

யாருடைய கண்

சொந்தக்காரர்களை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. ஒரு விஷயத்தில் அவர்கள் தீர்ப்புக்கு மேல் தீர்ப்பு கிடையாது: படத்தில் இருப்பது அந்த ஆள்தானா? “அப்பா சிரிச்சா இப்படித்தான் ஒரு கண்ணு சின்னதாகும்” என்று அம்மா சொன்னால் அது பெரிய பாராட்டு. “உங்கப்பா மாதிரியே இல்லையே” என்றால், வெளிச்சம் எவ்வளவு நன்றாக விழுந்திருந்தாலும் படம் தோற்றது. இந்த ஒன்றை மட்டும் அவர்களிடம் கேளுங்கள்.

வேறு எதைக் கேட்டாலும் பொட்டு ஏன் வைக்கவில்லை, பழைய நைட்டியோடு ஏன் எடுத்தாய், கொஞ்சம் கலராகப் போட்டிருக்கலாமே என்றுதான் வரும். முதல் இரண்டையும் சிரித்துக் கடந்துவிடலாம். மூன்றாவதை நான் விடுவதில்லை. மாநிறப் பிள்ளையை வெளுக்க வைப்பது திருத்தம் ஆகாது. அது வேறு பிள்ளையின் படம். போனிலேயே தோலை மழுப்பி வெளுக்கும் பியூட்டி வசதி நமக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதை முதலில் அணைத்துவையுங்கள். இந்தக் கோளாறுக்கு நீண்ட கதை உண்டு. பிலிம் காலத்தில் வண்ண லேப்கள் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் அனுப்பிய அட்டைகளில் வெகுகாலம் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான். ஷர்லி அட்டை என்றே அதற்குப் பெயர். அந்த முகத்துக்குச் சரியாக வந்த அளவில் கறுத்த முகங்கள் விவரம் இழந்து அப்பிப்போயின. ஆகவே “முகம் இருட்டா இருக்கு” என்று ஒருவர் சொன்னால், முகத்தில் வெளிச்சம் போதவில்லை என்கிறாரா, நிறத்தைச் சொல்கிறாரா என்று திருப்பிக் கேளுங்கள். முதலாவது என்றால் அவர் சொல்வது சரியாக இருக்கலாம்.

ஸ்டுடியோ அண்ணன்கள்தான் நம் ஊரில் கேட்பாரற்றுக் கிடக்கும் ஆசிரியர்கள். பாஸ்போர்ட் படத்துக்கு அழும் குழந்தையை ஆயிரம் தடவை உட்கார வைத்தவர்கள். கல்யாண வீட்டில் எண்பது பேரை மேடையில் நிறுத்தி, யார் கண்ணை மூடினார் என்று கண்டுபிடித்தவர்கள். உங்கள் நாயை அவர்களுக்குத் தெரியாது, அதனால் பாசம் குறுக்கே வராது. கூட்டம் இல்லாத மத்தியான நேரமாகப் போய், இரண்டு பிரிண்டுக்குக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். சும்மா கேட்காதீர்கள்.

கேமரா நண்பரிடம் எச்சரிக்கையாக இருங்கள். அவர் படத்தைப் பார்க்கும் முன் “என்ன லென்ஸ்?” என்பார். பத்து நிமிடத்தில் பேச்சு புதிதாக வந்த கேமராவுக்குப் போய்விடும். புகைப்படச் சங்கங்கள் வேறு ரகம். சென்னையில் 1850களிலேயே புகைப்படச் சங்கம் தொடங்கியாயிற்று. உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ மாதம் ஒருமுறை கூடிப் படங்களைத் திரையில் போட்டுப் பேசுகிற கூட்டம் இருந்தால் கட்டாயம் போங்கள். மற்றவர் படங்களுக்குச் சொல்லப்படுவதைக் கேட்டாலே பாதிப் பாடம் வந்துவிடும். போட்டிக்குப் படம் அனுப்பிப் பழகிய கண்களுக்கு வீட்டுப் படம் கொஞ்சம் அசட்டையாகத் தோன்றக்கூடும். அடுக்களையில் ஏன் எடுத்தீர்கள் என்பார்கள். அம்மா அங்கேதான் இருந்தார் என்பது அவர்களுக்குப் போதாமல் போகலாம், உங்களுக்குப் போதும்.

பத்து வயதுக் குழந்தையிடமும் காட்டிப் பாருங்கள். அதற்கு முகதாட்சணியம் தெரியாது.

நாய் தெரிந்தவர் பார்த்த படம்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிராணிகள் உள்ள படத்துக்குப் புகைப்படம் தெரிந்தவர் மட்டும் போதாது. அந்தப் பிராணியைத் தெரிந்த ஒருவரும் பார்க்க வேண்டும். மாட்டைத் தெரியாதவர் எடுத்த மாட்டுப் படத்தை மாட்டுக்காரர் பார்த்துச் சிரிப்பது போலத்தான் இதுவும்.

அக்கா மகள் மணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கன்னத்தோடு கன்னம் வைத்திருக்கும் படம் ஒன்று என்னிடம் உண்டு. ஜன்னல் வெளிச்சம், குழந்தையின் கண்ணில் ஒளிப்பொட்டு, பின்னால் சுத்தமான சுவர். ஸ்டுடியோ அண்ணனே “நல்லாருக்கு” என்று சொல்லிவிட்ட படம். நாய் வளர்ப்பில் முப்பது வருஷம் பழகிய ஒரு பெரியவரிடம் காட்டினேன். குழந்தையை அவர் பார்க்கவே இல்லை. “பாப்பாவ மொதல்ல தள்ளி உக்காரச் சொல்லுங்க” என்றார்.

பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினார். நாயின் தலை குழந்தையிடமிருந்து விலகித் திரும்பியிருக்கிறது. விழியின் ஓரத்தில் வெள்ளை பிறை போலத் தெரிகிறது. காது பின்னால் ஒட்டிக்கிடக்கிறது. வாய் இறுக மூடியிருக்கிறது. கழுத்தைக் கட்டிப் பிடிப்பது நமக்குப் பாசம். பல நாய்களுக்கு அது பிடித்து அமுக்குவது. அடுத்த கட்டமாக நாய் மூக்கை நக்கும், தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடும், பிறகு உறுமும். உறுமியும் விடாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. வாயைத் திறந்து நாக்கைத் தொங்கப்போட்டிருந்தால் ‘சிரிக்குது’ என்கிறோமே, அதுவும் எப்போதும் சிரிப்பாகாது. மே மாதத்து மொட்டைமாடியில் அது வெறும் வெக்கை.

அதற்குப் பிறகு அந்தப் படம் எனக்கு அழகாகத் தெரியவில்லை. அடுத்த வாரம் குழந்தையைத் தரையில் உட்கார வைத்து, மணியை அதன் போக்கில் விட்டேன். இருபது நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மணியாக வந்து அவள் முழங்காலில் தாடையை வைத்தது. அந்தப் படத்தில் குழந்தையின் முகம் பாதிதான் தெரிகிறது. பெரியவர் அதைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். அவரிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

பூனை வைத்திருப்பவர்கள் பூனைக்காரரிடம் கேளுங்கள். வெயிலில் கண்மணி கோடாகச் சுருங்கிப் பூனை முறைப்பது போலத் தெரியும். நிழலில் அதே பூனையின் கண்மணி விரிந்து முகமே மாறிவிடும். இதை லென்ஸ் தெரிந்தவரைவிடத் தினம் பால் ஊற்றுபவர் நன்றாகச் சொல்வார்.

கேட்கும் முறை

படத்தை நீட்டும்போதே கதை சொல்லத் தொடங்காதீர்கள். “இது எங்க பாட்டி, தொண்ணூறு வயசு, இன்னும் கண்ணாடி போடாமலே பூக்கட்டுவாங்க” என்று சொல்லிவிட்டுக் கொடுத்தால், கேட்பவர் பாட்டிக்கு மரியாதை செய்துவிட்டுத்தான் படத்துக்கு வருவார். வரவே மாட்டார் என்றும் சொல்லலாம். வாயை மூடிக்கொண்டு கொடுங்கள். முதல் கேள்வி ஒன்றே ஒன்று: உங்கள் கண் முதலில் எங்கே போனது?

என் பாட்டி படத்துக்கு இந்தக் கேள்வியை மூன்று பேரிடம் கேட்டேன். திண்ணையில் உட்கார்ந்து மல்லிகை தொடுக்கிறார். நான் எடுத்தது அந்தக் கைக்காக. நாரை விரலில் சுற்றி இழுக்கும் ஒரு லாகவம் இருக்கிறதே, அது. ஸ்டுடியோ அண்ணன் சொன்னார்: “பின்னாடி ஒரு நீலக் குடம் இருக்கே.” நண்பரின் மனைவி, மேலே கொஞ்சம் வெட்டிவிட்டால் நன்றாக இருக்கும் என்றார். மூன்றாமவர் படம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, நேராக்குங்கள் என்றார். சாயவில்லை, அளந்து பார்த்தேன். மூன்று மருந்தும் வேறு வேறு. வலி ஒரே இடத்தில். மேல் இடது மூலையில் இருந்த பிளாஸ்டிக் குடம் மூன்று பேர் கண்ணையும் இழுத்திருக்கிறது. ஒருவர் அதன் பேரைச் சொன்னார், ஒருவர் அதை வெட்டச் சொன்னார், ஒருவருக்கு அந்த மூலை கனத்ததால் படம் சாய்ந்தது போலிருந்தது. ஆக, மற்றவர் சொல்லும் மருந்தை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. விரல் வைக்கும் இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நான் மேலே வெட்டவில்லை. வெட்டினால் தூணும் போயிருக்கும். மறுநாள் இரண்டு அடி வலப்பக்கம் நகர்ந்து எடுத்தேன், குடம் தூணுக்குப் பின்னால் போய்விட்டது.

கண் போன இடத்தைச் சொன்ன பிறகு, நீங்கள் எதை எடுக்க நினைத்தீர்கள் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். ‘கையை எடுக்க நினைத்தேன்.’ அந்தக் கை தெரிகிறதா, தெரியாமல் தடுப்பது எது என்று கேளுங்கள். கடைசியாக, ஒன்றே ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள் என்று கேளுங்கள். ஒன்றுக்கு மேல் கேட்டால் பட்டியல் வரும். பட்டியல் வந்தால் நீங்கள் ஒன்றையும் செய்ய மாட்டீர்கள்.

நடுவில் சமாதானம் சொல்லாதீர்கள். “அன்னைக்கு வெளிச்சமே இல்லைங்க”, “அது ஆடிக்கிட்டே இருந்துச்சு” என்று நீங்கள் தொடங்கினால், அவர் மரியாதைக்காக நிறுத்திக்கொள்வார். சொன்னதை ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது. கை வேலையாக இருந்தால் வாய் சும்மா இருக்கும்.

சொன்ன சொல்லுக்கு என்ன அர்த்தம்

பார்ப்பவர்களுக்குக் குறை தெரியும், பேர் தெரியாது. “தெளிவா இல்லை” என்பார்கள். அது மூன்று வெவ்வேறு தவறுகளுக்கு ஒரே பெயர். படம் மொத்தமும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. சுவரும் நாற்காலியும் கூர்மையாக இருந்து, வால் மட்டும் கலங்கியிருந்தால் நாய் ஆடியிருக்கிறது. ஷட்டர் வேகம் போதவில்லை. விளையாடும் குழந்தைக்கு 1/500 நொடி, ஓடும் நாய்க்கு 1/1000 அல்லது அதற்கு மேல் வேண்டும். வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் அது நடக்கிற காரியம் இல்லை. வெளியே கூட்டிப் போங்கள். கண் கலங்கிப் பின்னால் இருக்கும் காலண்டர் தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தவறிவிட்டது. ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற நீள்மூஞ்சி நாய்களில் இன்னொரு வேடிக்கை நடக்கும்: மூக்கு கூர்மையாக இருக்கும், கண் கலங்கியிருக்கும். கேமராவில் எஃப் 1.8 வைத்துக்கொண்டு கிட்டப் போனால் இப்படித்தான் ஆகும். எஃப் 5.6க்கு ஏற்றி, ஃபோகஸைக் கண்ணில் வையுங்கள்.

“முகம் ஒரு மாதிரி இருக்கு” என்றால் பெரும்பாலும் நீங்கள் மிக அருகே போய்விட்டீர்கள். போனின் முதன்மை லென்ஸ் அகன்ற கோணம். பழைய கேமராக் கணக்கில் 24 முதல் 26 மி.மீ. இருக்கும். ஒரு அடி தூரத்தில் அதை நீட்டினால் மூக்கு பெருத்து, காது ஓடி ஒளிந்துகொள்ளும். நான்கைந்து அடி பின்னால் வந்து 2 எக்ஸ் வைத்து எடுங்கள். “ஓரமெல்லாம் வெட்டி ஒட்டினாப்ல இருக்கு” என்று சொன்னால் போர்ட்ரெய்ட் மோடு பூனையின் மீசையையும் காதுமயிரையும் தின்றிருக்கிறது. அணைத்துவிடுங்கள். “கண்ணு பேய் மாதிரி” என்றால் ஃபிளாஷ். நாய், பூனையின் விழித்திரைக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உண்டு. இரவில் அவற்றுக்குக் கண் தெரிவதற்குத் துணை செய்வது அது. அதனால்தான் நமக்குச் சிவப்பாக வருவது அவற்றுக்குப் பச்சையாகவோ மஞ்சளாகவோ வருகிறது.

“நாய் எங்க தம்பி” என்பதற்கு இப்போது வருவோம். கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொள்ளும். சட்டம் நிறைய வெள்ளை ராஜபாளையம் இருந்தால் ‘அடேயப்பா, வெளிச்சம் அதிகம்’ என்று குறைத்து, நாயை அழுக்கு வேட்டி நிறத்துக்குக் கொண்டுவந்துவிடும். கறுப்பு நாய் என்றால் கூட்டிக் கூட்டிச் சாம்பலாக்கும், ஷட்டரையும் மெதுவாக்கும். வெள்ளைக்கு எக்ஸ்போஷரை ஒரு படி ஏற்ற வேண்டும், கறுப்புக்கு ஒரு படி இறக்க வேண்டும். போனில் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலோ கீழோ இழுத்தால் போதும். என் படத்தில் அதற்கும் முன்னால் ஒரு கோளாறு இருந்தது: கறுப்பு மயிரில் வெளிச்சமே விழவில்லை, பின்னால் இருந்த சோபாவும் கறுப்புக்கு அண்ணன் தம்பி. “ஜன்னலுக்குப் பக்கவாட்டுல உக்கார வைங்க. பின்னாடி வெளுத்ததா ஏதாவது போடுங்க” என்று ஸ்டுடியோ அண்ணன் சொன்னார். அப்பாவின் பழைய வேட்டியைச் சோபாவில் விரித்தேன். பக்கவாட்டு வெளிச்சத்தில் மயிர் இழை இழையாகத் தெரிந்தது. கண்ணில் ஜன்னலே ஒரு பொட்டாக வந்து உட்கார்ந்தது. கொண்டுபோய்க் காட்டினேன். “இப்ப நாய் இருக்கு” என்றார். ஒரு நிமிடம் கழித்து, “முன்னங்கால் ஒண்ணு எங்க?” என்றார். மணிக்கட்டோடு வெட்டியிருந்தேன். மனிதராக இருந்தாலும் பிராணியாக இருந்தாலும் மூட்டோடு சேர்த்து வெட்டினால் ஊனம் போலத் தெரியும். இரண்டு மூட்டுகளுக்கு நடுவில் வெட்டலாம், அல்லது முழுசாக விட்டுவிடலாம்.

வெட்டத் தெரிந்தவர் எதையும் வெட்டலாம் என்பதும் உண்மை. எலியட் எர்விட் 1974இல் நியூயார்க்கில் எடுத்த படத்தில் குல்லா போட்ட ஒரு குட்டி நாய் முழுசாக இருக்கிறது. பக்கத்தில் ஒரு பெண்ணின் பூட்ஸ் கால்கள், அவற்றுக்குப் பக்கத்தில் பெரிய நாய் ஒன்றின் முன்னங்கால்கள் இரண்டு, அவ்வளவுதான். மேலே எல்லாம் வெட்டு. கேமரா அந்தக் குட்டி நாயின் உயரத்தில் தரையோடு இருக்கிறது. “படத்துல உயிரில்லை” என்று யாராவது சொன்னால் நான் முதலில் இந்தப் படத்தைத்தான் நினைத்துக்கொள்வேன். நம்மில் பெரும்பாலோர் நாயையும் குழந்தையையும் நின்ற வாக்கில், உச்சந்தலையைப் பார்த்து எடுக்கிறோம். முழங்கால் வலித்தாலும் குனியுங்கள். முடிந்தால் தரையில் படுங்கள். எர்விட் நாய்களைப் பார்த்துக் குரைக்கக்கூடச் செய்ததுண்டு. உங்கள் தெருவில் அதைச் செய்வதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தனிப் படமாகக் காட்டிக் கருத்துக் கேட்கவே முடியாத வகை ஒன்றும் உண்டு. நிக்கோலஸ் நிக்சன் தன் மனைவியையும் அவருடைய மூன்று சகோதரிகளையும் 1975 தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, வருஷத்துக்கு ஒரு படம் என்று வெளியிட்டார். நால்வரும் ஒவ்வொரு வருஷமும் அதே வரிசையில் நிற்பார்கள். ஒரு வருஷத்துப் படத்தை மட்டும் உருவிக் காட்டினால், ‘நாலு பேரும் சும்மா நிக்கிறாங்களே’ என்று நம் ஆள் ஒருவர் சொல்லக்கூடும். நீங்களும் பிள்ளையை ஒவ்வொரு பொங்கலுக்கும் அதே வாசற்படியில் நிறுத்தி எடுப்பவராக இருந்தால், படங்களை வரிசையாகத் தரையில் பரப்பிக் காட்டுங்கள். அப்போது வரும் கருத்தே வேறாக இருக்கும்: இந்த வருஷம் தூரம் மாறிவிட்டது, அதனால் பிள்ளை வளர்ந்தது தெரியவில்லை என்பார்கள். திருத்த முடிந்த குறை அது. அடுத்த பொங்கலுக்குத் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் சரியாகிவிடும்.

உங்களிடம் கேட்டால்

நான்கு பேரிடம் கேட்டுவிட்டு யாருக்கும் சொல்லாமல் இருப்பது முறையல்ல. மொய் போலத்தான் இதுவும். அடுத்தவர் வீட்டுப் படத்தைப் பார்க்கப் பார்க்கத்தான் உங்கள் படத்தில் உள்ள குடம் உங்களுக்கே தெரிய ஆரம்பிக்கும். ஒரு நிமிடமாவது பார்த்துவிட்டுப் பேசுங்கள். கண் போன இடத்தைச் சொல்லுங்கள், ஒரே ஒரு மாற்றம் சொல்லுங்கள். ‘நான் எடுத்திருந்தா…’ என்று ஆரம்பிக்காதீர்கள், நீங்கள் எடுக்கவில்லை.

இன்னொன்றையும் நான் பட்டுத்தான் கற்றேன். கூட வேலை பார்த்த ஒருவர் தன் பூனை ஜன்னல் கம்பியில் படுத்திருக்கும் படத்தை அனுப்பி எப்படி இருக்கிறது என்று கேட்டார். வால் வெட்டுப்பட்டிருக்கிறது, கம்பி முகத்துக்கு மேல் விழுகிறது, பின்னால் வெளிச்சம் பொசுங்கிவிட்டது என்று வரிசையாக எழுதி அனுப்பினேன். எல்லாமே சரியான குறிப்புகள். ரொம்ப நேரம் கழித்துப் பதில் வந்தது. பூனை போன வாரம் செத்துப்போயிருந்தது. அவரிடம் இருந்த கடைசிப் படம் அது. பிரிண்ட் போட்டு வைக்கலாமா என்றுதான் கேட்டிருக்கிறார். இப்போதெல்லாம் யார் படம் அனுப்பினாலும் குறை நிறை சொல்லும் முன் “எப்ப எடுத்தது?” என்று கேட்டுவிடுகிறேன்.